சபாரத்தினம் தர வேண்டிய சிரிப்பு

பரஞ்சோதிக்கு முதன்முதலில் கெடுதல் செய்தவர் நவகோடி பிக்சர்ஸ் முதலாளி சபாரத்தினம். அதற்குப் பிறகு கெடுதல் செய்தவர்கள் நிறையப் பேர் உண்டு, கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றிவிட்டு இவர் இலையை மட்டும் தாண்டிப் போன மைத்துனன் முதல், சைக்கிள் பம்பை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத தபால்காரன் வரை, ஆனால் அவர்களெல்லாம் வரிசையில் பின்னால் நிற்கட்டும், முன்னால் நிற்க வேண்டியவர் சபாரத்தினம்தான். ஏனென்றால் பார்த்தவர் அத்தனை பேரும் சிரித்த ஒன்றுக்கு அவர் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் சபாரத்தினம் 'சந்திரலோகத்துச் சம்பந்தி' என்று ஒரு படம் எடுத்தார். சீர்வரிசை கேட்காத மாப்பிள்ளை பூமியில் எங்கும் கிடைக்காததால், சந்திரனுக்கே போய் மாப்பிள்ளை தேடும் ஒரு கஞ்சனின் கதை. ராக்கெட் என்பது எண்ணெய் டின்களை வெட்டித் தட்டி ஒட்டியது, சந்திரன் என்பது சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பின்னால் கிடந்த வெள்ளைப் பொட்டல், ராக்கெட்டில் போனவர்கள் தலையில் மாட்டியிருந்தது மளிகைக் கடையில் கடலைமிட்டாய் போட்டு வைக்கும் கண்ணாடிக் குடுவை, அடியை மட்டும் அறுத்தது. அந்த ராக்கெட்டில் சமையல்காரராக வந்தவர் பரஞ்சோதி. நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்ததால் கம்பெனியில் அவரை ஒட்டடைக்குச்சி என்பதைச் சுருக்கி ஒட்டடை என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் கதாநாயகன் படப்பிடிப்புக்கு வரவில்லை. வாடகைக்கு எடுத்த விளக்கும் காமிராவும் சும்மா நின்றன. சபாரத்தினம் வெயிலில் இரண்டு நடை நடந்து பார்த்துவிட்டு, "ஏய் ஒட்டடை, போய் எதையாவது பண்ணித் தொலை" என்றார்.

பரஞ்சோதி போய்ப் பண்ணினார். எல்லோரும் விட்டுவிட்டுப் போன சந்திரனில் சமையல்காரன் தனியாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், அவ்வளவுதான் காட்சி. எடையே இல்லாத இடம், ஆனால் கம்பி கட்டித் தூக்க கம்பெனிக்கு வசதி இல்லை, அதனால் மேலே போகிற வேலையையும் கீழே இழுக்கிற வேலையையும் பரஞ்சோதியே பார்க்க வேண்டியிருந்தது. இடது கால் தானாக எழுந்தது, அதைப் பிடித்து மடக்கி அதன்மேல் உட்கார்ந்தார், உட்கார்ந்த சந்தோஷத்தில் வலது கால் எழுந்தது, அதை அதட்டினார், அது கேட்காததால் கெஞ்சினார், கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே முக்காலியை விட்டு இடுப்பு கிளம்பியது, ஒரு கையால் முக்காலியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார், வாய்க்கு முன்னால் கண்ணாடி, சோறு வெளியே, நாக்கு உள்ளே, நக்கி நக்கிப் பார்த்துவிட்டு ரசத்தைத் தூக்கிக் குடுவை மேலேயே ஊற்றிக்கொண்டு, நல்ல ருசி என்று தலையை ஆட்டினார்.

ஏணி மேல் விளக்குப் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள், காளவாசலில் கூடை சுமந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள், காமிராக்காரர் தொந்தி குலுங்கிய குலுங்கலில் படமே ஆடிவிட்டது, இன்றைக்கும் பார்த்தால் அந்த இடத்தில் சந்திரன் லேசாக நடுங்கும். சபாரத்தினம் மட்டும் துண்டின் நுனியை மடித்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்ததும் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இதுல சிரிக்க என்னய்யா இருக்கு?" என்றார்.

நடிகன் முன்னால் முதலாளி சிரிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். சிரித்துவிட்டால் அடுத்த படத்துக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்பான். பரஞ்சோதிக்கும் அது தெரியும். ஆனால் மற்ற முதலாளிகள் என்ன செய்வார்கள் என்றால், சுவருக்கு அந்தப்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார்கள், நடிகனும் அந்தச் சத்தத்தைக் கேட்டும் கேட்காதது மாதிரி நிற்பான், இரண்டு பேருக்கும் மரியாதை. சபாரத்தினம் சுவருக்கு அந்தப்பக்கம்கூடப் போகவில்லை. படத்தின் ஆரம்பத்தில் பெயர் போடும்போது பரஞ்சோதியை 'மற்றும் பலர்' என்பதற்குள் தள்ளிவிட்டார். படம் ஓடவில்லை. கம்பெனியை மூடினார்கள். பரஞ்சோதி மனைவியின் ஊரான பூவலிங்கபுரத்துக்கு வந்து, ஜெயராணி டாக்கீஸில் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்து நடத்தி, அங்கேயே தலை நரைத்தார். வர வேண்டிய சிரிப்பு வரவில்லை என்பது மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் தூள் மாதிரி அவருக்கு நாளெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜெயராணி டாக்கீஸ் முதலாளி குருநாதனுக்குப் புதுப்படப் பெட்டி எடுக்க வழியில்லாமல் போன ஒரு கோடையில், எங்கோ பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்த 'சந்திரலோகத்துச் சம்பந்தி' பெட்டி வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை மதியக் காட்சியில் சமையல்காரன் இடது காலை மடக்கி உட்கார்ந்தபோது பெண்கள் பக்கத்தில் இட்லிக்கடை வேலம்மா சிரிக்க ஆரம்பித்தாள். வலது கால் எழுந்தபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கெஞ்சினபோது மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தாள், அப்புறம் பெஞ்சை விட்டு எழும்பி, இலவம்பஞ்சு போகிற மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே மேலே போய், தகரக் கூரைக்கு அடியில் கட்டியிருந்த மூங்கில் தட்டியில் முதுகு தட்டி நின்றாள். அவளைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினவர்களும் சிரித்த வாய் மூடாமல் ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். ரசத்தை ஊற்றின நேரத்தில் கீழே செருப்புகளும் முறுக்குப் பொட்டலங்களும்தான் இருந்தன.

காட்சி முடிந்து கதாநாயகன் பாட ஆரம்பித்ததும் சிரிப்பு வற்றி எல்லோரும் இறங்கிவிட்டார்கள். வேலம்மா மட்டும் நினைத்து நினைத்துச் சிரித்ததால் இடைவேளை வரை மேலேயே இருந்தாள். முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியைக் கொண்டுவந்து, அவள் முந்தானையில் மாட்டி இழுத்து இறக்கினார்கள்.

"எப்படிடி இருந்துச்சு மேல?" என்று கேட்டதற்கு, "ஒரே ஒட்டடை. கூட்டிப் பல வருசமாச்சு போல. குருநாதன் அண்ணே, அடுத்த ஆட்டத்துக்கு ஒரு விளக்குமாறு கொடுங்க, சும்மாதானே இருக்கேன்" என்றாள்.

ஏன் இப்படி ஆகிறது என்று பூவலிங்கபுரத்தில் யாரும் கேட்கவில்லை. போகிறதுக்கு முன்னால் சாப்பிடலாமா, வந்து சாப்பிடலாமா என்பதைத்தான் கேட்டார்கள். பெண்கள் புடவைக் கொசுவத்தைக் கணுக்காலில் ஊக்கு குத்திக்கொண்டு வந்தார்கள், அதுவும் போதாது என்று வீட்டுக்காரரின் கால்சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு வந்தார்கள், வீட்டுக்காரர்கள் கால்சட்டையைத் தேடிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். மேலே வெக்கை என்பதால் பனையோலை விசிறி விற்றது. முறுக்குக்காரன் பொட்டலத்தை மேல்நோக்கி வீசப் பழகிக்கொண்டான். இடுப்பு வலிக்காரர்கள் வைத்தியரை விட்டுவிட்டு மதியக் காட்சிக்கு வந்து, வலி இருந்த இடம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு குடும்பங்கள் தட்டிக்கு அடியில் தற்செயலாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டதில் ஒரு சம்பந்தமே முடிந்தது, பெண் பார்க்கக் கீழே வர வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று.

தாலுகா ஆபீஸ் பியூன் அந்தோணிசாமி மனைவியைப் பறிகொடுத்திருந்தார். அவர் சிரிப்பது தப்பு என்று நினைத்தார், ஊரெல்லாம் பார்க்கிற படத்தைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, அதனால் வீட்டு அம்மிக் குழவியைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சமையல்காரன் காலிடம் கெஞ்சினபோது, அவர் மனைவி கோழியைக் கெஞ்சிக் கூட்டில் அடைக்கிறது அவருக்கு ஞாபகம் வந்து, அழுதுகொண்டே சிரித்து, குழவியைக் கட்டிப் பிடித்தபடியே மேலே போனார். பக்கத்தில் இருந்தவர்கள் குழவியை ஆளுக்கு ஒரு கை பிடித்துக்கொண்டார்கள்.

கோபப்பட்டவர் வக்கீல் குமாஸ்தா நாகசாமி ஒருத்தர்தான்.

"ஏன் குருநாதன், நான் சேர் டிக்கெட் எடுத்துட்டு வர்றேன். மேல போனா என் பக்கத்துல தரை டிக்கெட் காளிமுத்து நிக்கிறான். என்ன நியாயம்?"

"நான் என்னங்க பண்றது? கீழதான் நமக்குச் சட்டம்."

"மேலயும் உங்க கட்டடம்தானே?"

அது சரியாகப் பட்டதால் குருநாதன் ஆளை ஏற்றித் தட்டியில் சுண்ணாம்பால் கோடு போட்டார், இது சேர், இது பெஞ்சு, இது தரை என்று எழுதியும் வைத்தார். மறுநாள் எல்லோரும் ஒழுங்காகத்தான் கிளம்பினார்கள். ஆனால் அந்தக் கோட்டையும் எழுத்தையும் கண்ணுக்குக் கிட்டத்தில் பார்த்ததும் சிரிப்பு இன்னும் பொங்கி, உருண்டு புரண்டு, நாகசாமி தரைப் பக்கமும் காளிமுத்து சேர்ப் பக்கமும் போய்ச் சேர்ந்தார்கள். "வாங்க குமாஸ்தா, நம்ம இடத்துக்கு வந்திருக்கீங்க, ஒரு முறுக்கு சாப்பிடுங்க" என்று காளிமுத்து அந்தக் கோடியிலிருந்து கத்தினான். நாகசாமி சிரித்த சிரிப்பில் அவரை இறக்க இரண்டு துரட்டி வேண்டியிருந்தது.

துரட்டி பிடிப்பவர் பரஞ்சோதி. ஊரிலேயே தரையை விட்டுக் கிளம்பாத ஆள் அவர் ஒருத்தர்தான். தான் நடித்ததற்குத் தானே சிரிக்கிறவன் நடிகனே இல்லை என்பது அவர் கொள்கை. அதனால் ஒவ்வொரு காட்சியிலும் ஸ்டாண்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து, மாங்காய் பறிக்கிற முகத்தோடு ஊரைப் பறித்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குடுவைக்குள்ள இருக்கிறது நான்தான்" என்று அவர் சொல்லாத நாளில்லை. குடுவையில் ரசம் வழிந்ததில் முகம் தெரியாது, பெயர் 'மற்றும் பலர்'.

"எல்லா ஊர் டாக்கீஸ்லயும் சினிமால நடிச்சேன்னு சொல்ல ஒரு ஆள் இருக்கும்ணே" என்பாள் வேலம்மா, மேலிருந்து இறங்கிக்கொண்டே. "சிரிக்கவே தெரியாத மனுசன் சிரிப்பு நடிகனாம். முந்தானையைப் பார்த்து இழுங்க, கிழிஞ்சிரும்."

"நீங்கள்லாம் சிரிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? சிரிக்க வேண்டியவன் சிரிக்கலையே."

"யாருண்ணே அது?"

"இருக்கான் ஒருத்தன்."

அந்த ஒருத்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறுப்பு அம்பாசிடர் காரில் வந்து இறங்கினார். ஓடாத படம் ஒரு மூலையில் மாதக்கணக்காக நிறைந்து ஓடுகிறது என்று கேள்விப்பட்டுப் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். சபாரத்தினத்துக்கு உடம்பு பெருத்து, கழுத்து இருந்த இடம் போய்விட்டிருந்தது, கைத்தடி வந்திருந்தது, தோளில் துண்டு மட்டும் அப்படியே இருந்தது. காரை நிறுத்த இடம் காட்டியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏண்டா ஒட்டடை, நீ இன்னும் இருக்கியா?" என்றார்.

டிக்கெட்டுக்கு நின்ற வரிசை முழுக்கக் கேட்டது.

"ஏங்க, இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று வேலம்மா கேட்டாள்.

"தெரியாம? ரசத்தைத் தலையில ஊத்திக்கிட்டவன் இவன்தானே. கம்பெனி ரசம்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பரஞ்சோதியைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அண்ணே, என் வாய்ல கொள்ளியை வைக்க" என்றாள். காளிமுத்து போய் அவர் காலைத் தொட்டான். வேறு நாளாக இருந்தால் பரஞ்சோதி இதற்குப் பெருமைப்பட்டிருப்பார். இப்போது அவர் கண் சபாரத்தினத்தின் வாயில் இருந்தது. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், நன்றாக இறுக்கி மூடிய வாய். பெட்டியை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார். இந்த ஒரு காட்சிதான் இருக்கிறது.

"பெட்டியை எடுக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துட்டுப் போங்க முதலாளி" என்றார் பரஞ்சோதி. கெஞ்சினார் என்றே சொல்லலாம், அந்தக் காலிடம் கெஞ்சினதைவிட அதிகமாக.

குருநாதன் வீட்டு சோபாவைக் கொண்டுவந்து நடுவில் போட்டு அவரை உட்கார வைத்தார்கள். படம் ஓடியது. காட்சி வந்தபோது பரஞ்சோதி போய்த் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சோபாவுக்கு நேர் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். திரையில் என்ன நடக்கிறது என்று அவர் பார்க்கத் தேவையில்லை. சிரிப்புச் சத்தத்தை வைத்தே எந்தக் கால், எந்தக் கை என்று தெரியும். அவர் அந்த முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது கால். ஊர் கிளம்பியது. வேலம்மா விளக்குமாறோடு போனாள், நாகசாமி போனார், அந்தோணிசாமி போனார், முறுக்குக்காரன் தட்டோடு போனான். சபாரத்தினம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கால். துண்டின் நுனியை மடித்து வாயில் வைத்து அழுத்தினார். ரசம். காது இரண்டும் சிவந்து, தோள் ஒருமுறை குலுங்கி, நின்றுவிட்டது. காட்சி முடிந்துவிட்டது. கதாநாயகன் பாடப் போகிறான்.

அப்போது கூரைக்கு அடியிலிருந்து வேலம்மாவின் குரல் கேட்டது:

"ஒன்ஸ்மோர்!"

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" என்று மொத்தக் கூரையும் கத்தியது. சிரித்தவன் கேட்டால் ஆபரேட்டர் போட்டாக வேண்டும், அது டாக்கீஸ் தர்மம். ஆபரேட்டர் சேவியர் தன் அறையின் உத்தரத்தில் தலை இடித்துக்கொண்டிருந்தவர், எப்படியோ கால் கட்டைவிரலால் மெஷினை எட்டி நிறுத்தி, சுருளைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடி போட்டார்.

"சிரிங்க முதலாளி!" என்று காளிமுத்து கத்தினான். "மேல காத்து நல்லா வருது!"

சபாரத்தினம் துண்டில் பாதியை வாய்க்குள் திணித்துக்கொண்டார். அப்போது அவருடைய இடது செருப்பு தரையை விட்டு எழும்பியது. அவர் குனிந்து காலைப் பிடித்து மடக்கி, அதன்மேல் கனத்த உடம்பை வைத்து உட்கார்ந்தார். வலது கால் எழுந்தது. கைத்தடியால் அதன் முட்டியில் ஒரு அடி கொடுத்தார். கால் கேட்கவில்லை. அவர் துண்டு திணித்த வாயோடு அந்தக் காலைப் பார்த்து ம்ம், ம்ம் என்று என்னவோ சொன்னார், முதலில் அதட்டலாக, அப்புறம் கெஞ்சலாக. அதற்குள் சோபாவை விட்டு இடுப்பு கிளம்பியது. ஒரு கையால் சோபாவின் கைப்பிடியைப் பிடித்தார், இன்னொரு கையால் மீதித் துண்டையும் வாய்க்குள் தள்ளினார், உள்ளே இடமில்லை, துண்டு வெளியே, கண்ணில் தண்ணீர் வழிய, எனக்கு ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தலையை ஆட்டினார்.

பரஞ்சோதி பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அந்த வெள்ளைப் பொட்டலில் அவர் செய்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கை எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று, கால் எப்போது துரோகம் செய்ய வேண்டுமோ அப்போது செய்தது, ஒத்திகை பார்த்தாலும் இப்படி வராது. இந்த மனுஷன் எவ்வளவு பெரிய நடிகன், தெரியாமல் முதலாளியாகப் போய்விட்டானே என்று நினைத்தார், நினைத்தவுடன் வயிற்றுக்குள் ஒன்று புரண்டது, பழக்கமில்லாததால் முதலில் அது வாயுத்தொல்லை என்று எண்ணிவிட்டார், ஆனால் அது நெஞ்சுக்கு ஏறி, தொண்டைக்கு ஏறி, வாயைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. சம்மணம் போட்ட கால் சம்மணம் போட்டபடியே இருக்க, பரஞ்சோதி தரையை விட்டுக் கிளம்பினார்.

"அண்ணே! அண்ணனும் வர்றாரு!" என்று வேலம்மா கை கொட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். மேலிருந்து பார்த்தால் சபாரத்தினத்தின் வழுக்கை, அதைச் சுற்றி ஊர் முழுக்கச் செருப்புகள். பரஞ்சோதி விக்கி விக்கிச் சிரித்தார், நாகசாமி முதுகைத் தட்டிக்கொடுத்தார், அந்தோணிசாமி கண்ணைத் துடைத்துவிட்டார்.

கீழே சபாரத்தினம் சோபாவை விட்டுவிட்டுப் பெஞ்சைப் பிடித்தார், அந்தப் பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சைப் பிடித்தார், பின்பக்கம் மேலே மேலே எழும்ப, கையால் நடந்து கதவுக்குப் போய்ச் சேர்ந்தார். பெட்டி ஞாபகம் அவருக்கு வரவில்லை. டிரைவர் ஓடிவந்து அவரை மடக்கிக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

பரஞ்சோதி தட்டியைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து, கூரை ஓரம் இருந்த காற்றுத் துவாரத்தில் முகத்தை வைத்தார். கார் கிளம்பிக் கடைத்தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. முன்சக்கரம் இரண்டும் தரையில் உருண்டன. பின்சக்கரம் இரண்டும் தரையில் படாமல் காற்றில் சும்மா சுற்றின. பின்சீட்டுக் கண்ணாடியில் துண்டு திணித்த ஒரு வாய் தெரிந்தது.

"யோவ் சபாரத்தினம்!" என்று அவர் துவாரத்தின் வழியாகக் கத்தினார். "இது செல்லாதுய்யா! வாயைத் திறந்து சிரிக்கணும்!"

கார் பேருந்து நிலையத்தைத் தாண்டித் திரும்பியது. பின்னால் நின்ற மாடு ஒன்று அதன் கீழே குனிந்து பார்த்தது.

வேலம்மா அவர் பக்கத்தில் வந்து முதுகை ஒட்டிக்கொண்டு, "விடுங்கண்ணே. காரே கிளம்பிருச்சு, அப்புறம் என்ன? சிரிச்ச மாதிரிதானே?" என்றாள்.

"சத்தம் கேட்டுச்சா உனக்கு?"

வேலம்மா யோசித்துப் பார்த்தாள். "கேக்கலை."

"எனக்கும் கேக்கலை" என்றார் பரஞ்சோதி. "அப்ப அவன் இன்னும் தரணும்."